ரெண்டாவது தடவை கேட்க மாட்டாங்க!

போன வாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு தம்பி மடக்கினான். "அண்ணே, வாலண்டியரா ஜெர்மனி போறேன். ஒரு வருஷம் ஒரு குடும்பத்தோட தங்கணும். குளிருக்கு ஜெர்க்கின் வாங்கிட்டேன். வேற என்ன வாங்கணும்?"

கடையில் கிடைக்காத ஒண்ணு இருக்கு தம்பி. அதைப் புரியவைக்க ரெண்டு கதை சொல்றேன், கேட்டுக்கோ.

முதல் கதை எங்க வீட்டுலயே நடந்தது. சின்னாளப்பட்டி, 2011. ஜெர்மனி அரசு 2008-ல் தொடங்கின 'வெல்ட்வெர்ட்ஸ்' தொண்டர் திட்டத்தில் ஒரு பத்தொன்பது வயசுப் பெண் எங்க ஊருக்கு வந்தாள். பகலில் குழந்தைகளுக்குப் பாட்டு, படம் சொல்லித்தரும் வேலை. தங்கல் எங்க வீட்டில். மின்விசிறி ஒழுங்காகச் சுத்தற ஒரே ரூமை அம்மா அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

முதல் நாளே சிக்கல். இலையில் நாலு இட்லி. ரெண்டு சாப்பிட்டுவிட்டு "போதும்" என்றாள். அம்மா காதில் வாங்குவாரா? இன்னொண்ணு வைத்தார். "போதும்மா!" இன்னொரு கரண்டி சாம்பார். அவள் முகம் சிவந்துவிட்டது. மறுநாள் சாப்பிட்டதும் தட்டைத் தானே கழுவி வைத்தாள். அம்மாவுக்கு அது அவமானம். ராத்திரி எட்டு மணிக்கு ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். "பிள்ளைக்கு நம்ம மேல கோவம் போலடா" என்று அம்மா புலம்ப ஆரம்பித்தார். மூணாவது வாரம் வேற வீடு பார்க்கலாமா என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. அதைக் கேட்டு அம்மா அழுதார். ரூமுக்குள் அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

சரிசெய்தது எந்தக் கவுன்சிலிங்கும் இல்லை. சின்ன வெங்காயம்தான்! ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு முறம் வெங்காயத்தோடு உட்கார்ந்திருக்க, அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். ரெண்டு பேர் கண்ணிலும் தண்ணி. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து சமையல்கட்டுதான் அவளுக்கு வகுப்பறை.

அங்கே உட்கார்ந்த நாலாவது நாள் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருக்கறதைத்தான் அம்மா சாப்பிடறாங்க. ஏன்?"

இருபது வருஷம் அந்த வீட்டிலேயே சாப்பிட்டவன் நான். பதில் சொல்லத் தெரியவில்லை. அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. அன்று ராத்திரி அவள் தட்டை எடுக்கவே இல்லை. "அம்மாவோட சாப்பிடறேன்." அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இந்தத் தடவை பிடிவாதம் அவள் பக்கம்.

ஒருத்தரை வீட்டில் தங்கவைத்தால் அதற்கு யாரோ ஒருத்தர் விலை கொடுக்கிறார். நம்ம பக்கத்து ஆளையே பாருங்களேன். 1925-ல் அமெரிக்காவிலிருந்து மதுரைப் பக்கம் மிஷனரியாக வந்தவர் ரிச்சர்ட் கெய்தான். காந்தியின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டுபோய்க் கொடுத்த ஆங்கில இளைஞர் ரெஜினால்ட் ரெய்னால்ட்ஸைத் தன் வீட்டில் தங்கவைத்தார். விளைவு? 1930-ல் கெய்தான் இந்தியாவை விட்டே போக வேண்டியதாயிற்று. பிற்பாடு திரும்பி வந்து, சின்னாளப்பட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிற காந்திகிராமத்தை வளர்த்தவர்களில் ஒருவரானார். விருந்தாளியாக வந்தவர், விருந்தாளிக்குக் கதவைத் திறந்துவிட்டு விலை கொடுத்தவர், இந்த மண்ணோடு கலந்தவர். மூணும் ஒரே ஆள்.

இப்போ ரெண்டாவது கதை. அதே வெல்ட்வெர்ட்ஸ் திட்டத்தில் 2013-லிருந்து நம்ம மாதிரி நாட்டுப் பசங்களும் ஜெர்மனி போகலாம் என்று வழி திறந்தது. பதினெட்டிலிருந்து இருபத்தெட்டு வயசு வரைக்கும். இங்கே இருக்கிற கூட்டாளி அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பம். 2014-ல் நான் கிளம்பினேன். முதியோர் இல்லத்தில் வேலை. தங்கல் ஒரு குடும்பத்தோடு.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு. ஆறரை மணிக்கே மேசையில் ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய். அடுப்பு மூட்டின அறிகுறியே இல்லை. ரெண்டு துண்டு சாப்பிட்டேன். "இன்னும் வேணுமா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். நம்ம மரியாதைப்படி "வேண்டாங்க" என்றேன். ரெண்டாவது தடவை கேட்பார், மூணாவது தடவை வாங்கிக்கலாம் என்று கணக்கு.

அவர் டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டார்.

மூணு ராத்திரி, வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்குதான் காப்பாற்றியது. நாலாவது நாள் முறுக்கும் காலி. வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அவர் பதறிப்போனார். "நீ வேண்டாம்னு சொன்னியே! உன் வார்த்தையை மதிச்சு விட்டுட்டேன்!"

புரியுதா? எங்க அம்மா திரும்பத் திரும்பக் கேட்டதும் பாசம்தான். இவர் ஒரு தடவையோடு நிறுத்தியதும் மரியாதைதான். அங்கே கதவைச் சாத்தினால் கோபம் இல்லை. இங்கே தட்டைக் கழுவவிடாவிட்டால் கட்டுப்பாடு இல்லை. சின்னாளப்பட்டியில் அந்தப் பொண்ணு எதற்கு அழுதாள் என்று எனக்கு முறுக்கு தீர்ந்த ராத்திரிதான் விளங்கியது.

அதனால தம்பி, மூணே மூணு விஷயம். போன முதல் வாரமே "இந்த வீட்டில் என்ன செய்யலாம், என்ன கூடாது?" என்று நேரடியாகக் கேட்டுவிடு. குப்பையை எந்தத் தொட்டியில் போடுறது என்பதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடலாமா என்பது வரைக்கும் அங்கே எல்லாத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ரெண்டு, பசித்தால் பசிக்குது என்று சொல். மூணு, சேவை செய்யப்போறோம் என்கிற நினைப்பைக் கொஞ்சம் இறக்கி வை. முதல் மாசம் நமக்குத்தான் அவங்க சேவை செய்யறாங்க.

ஜெர்மனி போகாதவங்களுக்கு ஒரு வேலை இருக்கு. இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டில் கடைசியா சாப்பிடறது யார், அவங்க தட்டில் என்ன மிச்சம் இருந்ததுன்னு பாருங்க. பார்த்துட்டு, நாளைக்கு அவங்களோட உட்காருங்க.