இனத்தின் பெயர் சொல்லாத சட்டம்: மலையக மாணவர் சிந்திக்க வேண்டியவை



“இலங்கை 1948 பெப்ரவரி 4 ஆம் திகதி சுதந்திரமடைந்தது. சகல இனத் தலைவர்களும் அதற்காக ஒன்றிணைந்து உழைத்தனர்.” வரலாற்று வினாத்தாளுக்கு நாம் வழமையாக எழுதும் விடை இது. புள்ளியும் கிடைக்கும். ஆயினும் தோட்டத்துப் பிள்ளைகளாகிய நீங்கள் இவ்விடையோடு நின்றுவிடலாகாது என்பதே எனது கருத்தாகும். ஏனெனில், அதே ஆண்டு நவம்பர் 15 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், எமது பாட்டன் பூட்டன்மாரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

இச்சட்டத்தின் உள்ளடக்கத்தைக் கவனியுங்கள். அதில் “இந்தியர்” என்றோ “தமிழர்” என்றோ கூறி எவரும் விலக்கப்படவில்லை. 1948 இற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு, அவரது தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். பார்வைக்கு இது அனைவருக்கும் பொதுவான விதியே. ஆனால் கிராமத்துச் சிங்களவரிடம் எவரும் பாட்டனின் பிறப்புச் சான்று கேட்கவில்லை. லயத்தில் வாழ்ந்தவரிடம் கேட்டார்கள். அவரிடம் அது இருக்கவில்லை.

சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தை இயற்றலாகாது எனத் தடுத்தது. சிறுபான்மையினரின் காப்பீடு என்று நாம் மனனம் செய்யும் பிரிவு இதுதான். எனினும் பிரசாவுரிமை, வாக்குரிமைச் சட்டங்கள் இப்பிரிவை மீறவில்லை என்று 1953 இல் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதையொத்த நிலை காணப்பட்டது. அங்கு “கறுப்பர்” என்ற சொல்லைக் கூறாமல், எழுத வாசிக்கத் தெரியுமா எனச் சோதித்தே கறுப்பின மக்களின் வாக்கைத் தடுத்தனர். அதனை முறியடிக்க 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் தேவைப்பட்டது.

அவ்வாறாயின் இதற்குக் காரணம் இனவெறுப்பு மட்டுந்தானா? இல்லை. 1947 பொதுத்தேர்தலில் நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை என இலங்கை இந்திய காங்கிரசினர் பலர் வெற்றி பெற்றனர். வேறு தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்குகள் இடதுசாரிகளுக்கு உதவின. தொழிலாளரின் வாக்குப் பலத்தைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சினர். இனம் அதற்கு வசதியான கருவியாயிற்று. 1952 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசுக்கு ஓர் ஆசனமேனும் இல்லை.

இக்கருவி புதியதன்று. 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரான சேர் பொன்னம்பலம் அருணாசலம், பிரதிநிதித்துவப் பிணக்கினால் சில ஆண்டுகளுக்குள்ளேயே அதைவிட்டு விலகினார். தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவும் கோ. நடேசய்யரும் 1920களில் இணைந்து உழைத்தனர். பின்னர் வேலையின்மை பெருகியபோது குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார்.

எனினும் இனப்பிரிவினை தவிர்க்க முடியாத விதியன்று. அவுஸ்திரேலிய வெள்ளையரான பிரேஸ்கேர்டில் தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்றமைக்காக 1937 இல் நாடுகடத்தப்படவிருந்தார். நீதிமன்றம் அதைத் தடுத்தது. 1940 இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் பலியானபோது, நீதி கேட்டோரில் சிங்கள இடதுசாரிகளும் இருந்தனர். 1948 சட்டத்தை என்.எம். பெரேராவும் எதிர்த்தார், எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் எதிர்த்தார்.

விளைவுகளை நீங்கள் அறிவீர்கள். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தும், சுமார் 1,34,000 பேரே பிரசாவுரிமை பெற்றனர். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. குடும்பங்கள் பிரிந்தன. நாடற்ற நிலையை முடிப்பதற்கான இறுதிச் சட்டம் 2003 இலேயே வந்தது. சுதந்திரத்துக்கும் அதற்கும் இடையில் 55 ஆண்டுகள்!

இன்று நாம் வாக்களிக்கிறோம். ஆனால் அதே பழைய முறை முற்றாக மறைந்துவிடவில்லை. கடன் பெறவும் வீடு கட்டவும் காணி உறுதி கேட்கப்படுகிறது. இதுவும் “அனைவருக்கும் பொதுவான” விதியே. தலைமுறை தலைமுறையாக லயன் அறையில் வாழும் பல குடும்பங்களிடம் அவ்வுறுதி இல்லை. ஆகவே ஒரு விதியைப் படிக்கும்போது, “இதில் எந்த இனத்தின் பெயர் உள்ளது?” என்று மட்டும் பாராதீர்கள். “இது கேட்கும் பத்திரம் யாரிடம் இல்லை?” என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. “தோட்டக்காட்டான்” என்று எவரேனும் கூறினால் நமது உள்ளம் கொதிக்கிறது. அவ்வாறிருக்க, “சிங்களவர் எல்லோரும் இப்படித்தான்”, “முஸ்லிம்கள் எல்லோரும் அப்படித்தான்” என்று நாம் பேசுவது எவ்வகையில் நியாயம்? ஒரு மக்கள் கூட்டத்தை ஒரே சொல்லில் அடக்குவதனால் நேரும் துன்பத்தை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

பரீட்சையில் சுதந்திரம் பற்றி எழுதுங்கள், பெருமையோடு எழுதுங்கள். ஆனால் வினா இடமளிக்குமாயின் பிரசாவுரிமைச் சட்டத்தையும் ஒரு பந்தியில் சேருங்கள். அந்தப் பந்தியும் இந்நாட்டின் வரலாறே.

சிந்திக்க: 29(2) ஆம் பிரிவு மலையக மக்களைக் காப்பாற்றத் தவறியமைக்கான இரு காரணங்களைத் தருக.