ஐப்பசி மழையும் வீட்டுக் கிணறும்

குளிர் மிகுந்த தேசங்களில், கிணற்றுக் குழாயில் நீர் உறைந்து வெடித்துவிடாதபடி கனத்த போர்வை சுற்றிக் காப்பார்கள். நமது மாநிலத்தில் உதகை போன்ற மலையூர்களில்தான் உறைபனி விழுகின்றது. விருதுநகர்ச் சீமையில் கிணறு உறைய வழியில்லை. ஆயினும் இங்கும் கிணற்றுக்குப் பருவ அபாயம் ஒன்று உண்டு. அது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையாகும்.

கோடை முழுதும் தரையில் சேர்ந்த சாணமும் கழிவும் முதல் பெருமழையில் கரைந்தோடிச் சுவரில்லாத கிணற்றில் இறங்குகின்றன. கிணறு நிரம்பியது கண்டு மகிழ்கின்றோம். நிரப்பியது எது என்று கேட்பதில்லை.

நாம் தணிக்கைக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில், தீபாவளியை ஒட்டிய பத்து நாட்கள் சில வீடுகளுக்குக் கூலிப் பற்றே இல்லை. விசாரித்தோம். அத்தனை வீடுகளும் ஒரே கிணற்றில் இறைப்பவை. எல்லா வீட்டிலும் வயிற்றுப்போக்கு. கைப்பிடிச் சுவர் இடிந்து இரண்டு ஆண்டுகளாகியும், செலவு யாரைச் சேர்ந்தது என்ற வழக்கிலேயே அக்கிணறு கிடந்தது. செப்பனிடும் செலவினும் இழந்த கூலியே அதிகம்.

வேண்டுவன சிலவே. கழிப்பிடம், மாட்டுக்கொட்டில், சாயத்தொட்டி ஆகியவை 50 அடிக்கு அப்பால் இருத்தல் வேண்டும். சுமார் 2½ அடி உயரச் சுவர், சுற்றிலும் 3 அடி அகலச் சிமெண்டுத் தளம், வடிகால், மேல்மூடி இவை அவசியம். மழைக்குப் பின் 1,000 லிட்டர் நீருக்கு 2½ கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடர் இடுக. 2 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கிணற்றில் 3 மீட்டர் நீர் நின்றால் அது ஏறத்தாழ 9,400 லிட்டர். 24 கிராம் போதும். நீர் கலங்கியிருந்தால் அளவு கூடும். சுகாதார ஆய்வாளரைக் கேட்டறிக. மருந்தை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்குக. ஒரு மணி நேரத்திற்குப் பின்பே இறைக்க வேண்டும்.

சிவகாசிப் பகுதி அங்கத்தினர்க்கு ஒரு வார்த்தை. பட்டாசு ஆலைகளை அடுத்த நிலத்தடி நீரில் பெர்குளோரேட் என்னும் உப்பு கலந்திருப்பதை 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும் இவ்வுப்பு, காய்ச்சினாலும் மருந்திட்டாலும் நீங்காது. அங்குள்ளோர் நீரைச் சோதித்தறிந்த பின்பே பருகுதல் நலம்.

“தாமிரபரணி குழாயில் வருகின்றதே, கிணறு எதற்கு?” என்பார் உளர். குழாய் வராத நாளில் அவர்களும் கிணற்றடிக்கே வருகின்றனர்.

ஆகவே, ஒவ்வொரு சங்கமும் புரட்டாசிக் கூட்டத்திலேயே அங்கத்தினர் கிணறுகளைப் பார்வையிடத் தீர்மானம் இயற்ற வேண்டும். விதிகள் இடந்தரும் அளவில் பொது நன்மை நிதியிலிருந்து உதவவும் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். தறிக்கும் ஏருக்கும் கூடி முயன்ற நாம், குடிக்கும் நீருக்கும் கூடி முயல்வோமாக.