படம் பார்த்து யார் கெட்டார்கள் என்பவர்களுக்கு

“விளம்பரத்தையும் சீரியலையும் பார்த்து எந்தப் பெண் கெட்டுப்போனாள்? மனசு திடமாக இருந்தால் போதும்.” மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கத்துத் தமிழர் வீடுகளில், தன் உடம்பை நொந்துகொள்ளும் பெண்பிள்ளைக்குப் பெரியவர்கள் சொல்லும் பதில் இது. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் தவறு.

ஃபிஜித் தீவில், பருத்த உடம்பை மெச்சிய நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆய்வாளர் ஆன் பெக்கர் அங்குள்ள மாணவிகளிடம் அப்போதும், 1998இலும் விசாரித்தார். எடை குறைக்க வாந்தி எடுத்தவர் முதலில் ஒருவரும் இல்லை. மூன்றாண்டில் நூற்றுக்கு 11 பேர். அத்தனை பேருக்கும் ஒன்றாகவா மனத்திடம் போயிற்று?

“சிவப்பு மோகம் டிவிக்கு முன்பே நம்மிடம் இருந்ததே!” இருந்தது. பால் வெட்டப் போன பெண்ணையும் நிறம் பார்த்துத்தான் கேட்டு வந்தார்கள். ஆனால் அந்தப் பேச்சு எப்போதோ ஒருநாள் வந்தது. 1996இல் அஸ்ட்ரோ தொலைக்காட்சி வந்து, பிறகு கைப்பேசியும் சேர்ந்தபின், தினமும் வருகிறது, விலையோடு. 2017 நோன்புப் பெருநாளுக்கு வாட்சன்ஸ் வெளியிட்ட விளம்பரத்தில், முகத்தில் கருமை பூசிய பெண் வெளுத்து வந்த பிறகுதான் அழகி ஆனாள். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். அந்த வெளுப்பைத் தேடித்தான் பசார் மாலாமில் பெயர் தெரியாத கிரீம் டப்பாக்களை வாங்குகிறோம். பாதரசம் கலந்த கிரீம்களைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பத் தடைசெய்கிறது. பாதரசம் தோலில் கருநிறமி உண்டாவதைத் தடுக்கும். தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

“இளைக்க நினைப்பது நல்லதுதானே, நம்மவர்களுக்குத்தானே இனிப்புநீர் அதிகம்?” 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு எடை அதிகம், இந்தியர்களே முன்னால் நின்றார்கள். உண்மைதான். ஆனால் படம் காட்டுவது இடுப்பளவை. இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அல்ல. பசியாறாமல் பள்ளிக்குப் போவதும், இளைக்கும் காப்பி குடிப்பதும் ஆரோக்கியம் ஆகாது. இதய ஆபத்துக்காக 2010இல் பல நாடுகள் கைவிட்ட சிபுட்ராமின் மருந்து அப்படிப்பட்ட காப்பிகளில் பிடிபட்டிருக்கிறது.

“பிடிக்காவிட்டால் பார்க்காதே” என்பார்கள் கடைசியில். மலாக்காவில் ஒரு கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், மருதாணிக் கை வேறு நிறம். அவளைக் கேட்காமலே ஸ்டூடியோவில் வெளுத்திருக்கிறார்கள். எந்தச் சேனலை அடைத்தால் இது நிற்கும்?