அப்டேட் ஆச்சு கம்ப்யூட்டர். அடங்கிப் போச்சு பாட்டு!



ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் சேலம், நாமக்கல் சீமையில் பாட்டுச் சத்தம் கேட்காத ஊர் உண்டா? கோட்டை மாரியம்மன் பண்டிகை முதல் குக்கிராமத்து அம்மன் நோம்பி வரை, இன்னிசைக் கச்சேரி இல்லாத திருவிழாவை நம் மக்கள் திருவிழாவாகவே மதிப்பதில்லை. அந்த மேடையைச் சற்று உற்றுப் பாருங்கள். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப் உட்கார்ந்திருக்கும். வயலின், தபேலா, கோரஸ் என்று பாதி வாத்தியம் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. அந்தப் பெட்டி ஒருநாள் ராத்திரி தன்னைத்தானே 'அப்டேட்' செய்துகொண்டு, மறுநாள் காலையில் ஊமையாகி நின்றால்? கச்சேரியை நம்பி முன்பணம் வாங்கியவர் கதி என்ன? அவரை நம்பி இருக்கிற பாடகர், டிரம்ஸ்காரர், லைட்செட் பையன் இவர்கள் வீட்டு அடுப்பு என்ன ஆகும்? இதுதான் என் கேள்வி.

1935-இல் டி.ஆர். சுந்தரம் அவர்கள் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நம் சேலத்தில்தான் இருந்தது. அந்த மாதிரி ஸ்டுடியோக்களில் மெஷின் நின்றால் பார்க்க தனி டெக்னீஷியன்கள் இருந்தார்கள். 1992-இல் 'ரோஜா' வந்தது. ஏ.ஆர். ரகுமான் இசைக்குப் பிறகு கம்ப்யூட்டர் இசை பட்டிதொட்டியெல்லாம் பரவியது. இன்று ஒரு ரூம், ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் அதுவே ரெக்கார்டிங் ஸ்டுடியோ. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் வாசிப்பவரே டெக்னீஷியனாகவும் ஆகிவிட்டார். மெஷின் நின்றால் அவருக்குத் துணை யார்?

"இதெல்லாம் எப்பவோ ஒருதரம் நடக்குறது" என்று சிலர் சொல்லலாம். அப்படியில்லை நண்பர்களே! 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், மைக் அனுமதி 'ஆஃப்' என்று இருந்தால் ரெக்கார்டிங் மென்பொருளுக்கும் சத்தம் போகாது என்று ஆனது. மைக் நன்றாகத்தான் இருந்தது, அனுமதிதான் இல்லை! 2019 அக்டோபர் 7-இல் ஆப்பிள் நிறுவனத்தின் 'கேட்டலினா' வந்தது. 32-பிட் மென்பொருள்கள் அதில் அடியோடு ஓடாது. பழைய பிளக்-இன்களை வைத்துப் பாட்டுக்கட்டியவர்கள் திகைத்து நின்றார்கள். ஐட்யூன்ஸையும் எடுத்துவிட்டதால், அதன் பாட்டுப் பட்டியலை நம்பிய டி.ஜே.க்கள் பாடும் திண்டாட்டமானது. 2025 ஜனவரி 14-இல் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பின், சில பழைய வகை யு.எஸ்.பி. ஆடியோ கருவிகள் 'கோடு 10' என்று காட்டிப் படுத்துவிட்டன. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, பின்னால் சரிசெய்தது.

அப்படியானால் அப்டேட்டே வேண்டாம் என்று மூடிவைத்துவிடலாமா? பல ஸ்டுடியோக்களில் இன்று அதைத்தான் செய்கிறார்கள். அதுவும் தப்பு என்பேன். 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைத்தது. மே மாதம் அந்த ஓட்டை வழியாகவே 'வான்னாக்ரை' வைரஸ் உலகம் பூராவும் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. மாட்டியவை பெரும்பாலும் அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர்கள்தான். பத்து வருஷம் சேர்த்த பாட்டுகள் ஒரே ராத்திரியில் பூட்டுக்குள் போனால் யாரிடம் அழுவது? எனவே அப்டேட் வேண்டும். அது எப்போது நடக்க வேண்டும் என்பதை மட்டும் மெஷின் தீர்மானிக்கக் கூடாது. பண்டிகை சீசனில் தள்ளிவைக்க வேண்டும். சீசன் முடிந்து, பாட்டுகளை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைத்த பிறகு செய்ய வேண்டும். லாரிக்காரர் லோடு ஏற்றியபின் இன்ஜினைப் பிரிப்பாரா? நாமக்கல்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை!

சரி, பாட்டு நின்றே போச்சு. அப்புறம்? முதல் வேலையாக ஃபார்மேட் அடிப்பதுதான் நம் பக்கம் வழக்கம். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாங்க" என்று ஒரே வார்த்தை! இது ரிப்பேர் இல்லை, கொலை. நம் லேபில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? முதலில் பவர் சப்ளை, அப்புறம் சிக்னல் எதுவரை வருகிறது என்று ஒவ்வொரு கட்டமாகப் பார். இங்கேயும் அதேதான். மைக், கேபிள், ஆடியோ இன்டர்ஃபேஸ், அதன் டிரைவர், ஆபரேட்டிங் சிஸ்டம், பாட்டு மென்பொருள், பிளக்-இன், ஸ்பீக்கர். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது?

சினிமாப் பாட்டு ஒன்றைச் சும்மா ஓட்டிப் பாருங்கள். அது கேட்டால் ஸ்பீக்கர் வரை சரி. கேட்காவிட்டால், அப்டேட் சத்தத்தை வேறு வாசலுக்குத் திருப்பிவிட்டதா என்று பாருங்கள். பல நேரம் மானிட்டருக்குப் போகும் கேபிள் பக்கம் சத்தம் போயிருக்கும். அடுத்து மைக் அனுமதி. அடுத்து டிரைவர், அதைச் செய்த நிறுவனம் புதிது விட்டிருக்கிறதா? சுருதி மாறிக் கேட்கிறதா? 44,100 என்று பதிந்ததை 48,000-இல் ஓட்டினால் அரைக்கட்டைக்கு மேலேயே சுருதி ஏறிவிடும். கரகர என்கிறதா? பஃபரைப் பாருங்கள். பஃபர் என்பது மொட்டைமாடித் தண்ணித் தொட்டி மாதிரி. தொட்டி சின்னதாக இருந்தால் மோட்டார் கொஞ்சம் தடுமாறினாலும் குழாய் நின்றுபோகும். பெரிதாக்கினால் கரகரப்பு போகும், ஆனால் கட்டையை அமுக்கியபின் சத்தம் தாமதமாக வரும். 44,100 வேகத்தில் 256 சாம்பிள் என்றால் சுமார் 6 மில்லி செகண்டு, 1,024 என்றால் சுமார் 23. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். ஒன்றுமே நடக்கவில்லையா? பெரிய விண்டோஸ் அப்டேட் என்றால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழக்கமாக 10 நாள் அவகாசம் உண்டு. ஃபார்மேட் அடித்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இன்னொரு கசப்பான உண்மையையும் பேசியாக வேண்டும். நம் பக்கத்துச் சின்ன ஸ்டுடியோக்கள் பலவற்றில் ஓடுவது திருட்டுக் காப்பி. நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கொடுத்து வாங்க வழியில்லை என்பது நிஜம். ஆனால் அப்டேட்டில் அடிபட்டால் கம்பெனியிடம் கேட்க வாயில்லாமல் போவதும் நிஜம். ஆடாசிட்டி, எல்.எம்.எம்.எஸ். போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றனவே! அவற்றை நம் ஆட்களுக்குக் காட்டியது யார்? குறைந்த காசில் சொந்தமாக வாங்கக்கூடிய 'ரீப்பர்' போன்றவற்றைச் சொன்னது யார்? ஒருவரும் சொல்லாதபோது அவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

கம்பெனிகளுக்கும் சொல்கிறேன். எச்சரிக்கை கொடுத்தோம் என்கிறீர்கள். அந்த எச்சரிக்கை பெரும்பாலும் இங்கிலீஷில் வருகிறது. ஏழு சுரமும் தெரிந்தவருக்கு அந்த ஏழு வரி புரியவில்லையே! 'இதை அமுக்கினால் உன் பழைய வாத்தியங்கள் ஓடாது' என்று பச்சைத் தமிழில் ஒரு வரி போட்டால் குறைந்தா போய்விடும்?

அதுவரை அந்த வரியைப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். நம்மில் பலர் வீட்டில் முதல்முதலாகப் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவர்கள், நானும் அப்படித்தான். ஊரில் எந்தப் பெட்டி நின்றாலும் "படிக்கிற பையன்தானே, வந்து பாரு தம்பி" என்று நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஃபார்மேட் மட்டும் பதிலாக இருக்கக் கூடாது. ஆடி பிறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் மாணவர் சங்கமே ஒரு இலவச முகாம் போடலாம். கச்சேரிக்காரர்கள் லேப்டாப்பைக் கொண்டு வரட்டும். காப்பி எடுத்துக் கொடுப்போம், அப்டேட்டைத் தள்ளிவைக்கக் கற்றுக்கொடுப்போம், டிரைவரின் பெயரை ஒரு அட்டையில் தமிழில் எழுதிக் கொடுப்போம். செலவு என்ன? நம் ஒரு நாள்!

டிப்ளமோ என்பது சுவரில் மாட்டும் காகிதம் இல்லை தோழர்களே. நின்றுபோன ஒரு பாட்டை மறுபடி பாட வைத்தால் அதுவே நம் படிப்புக்கு மதிப்பு. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்த முகாமைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். கை தூக்க நான் முதல் ஆளாக வருகிறேன்!