நிறுத்துகடிகாரத்துக்கு மொழி இல்லை

இந்தியத் தரைப்படையில் சேர விரும்பும் இளைஞருக்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று அக்னிவீரராகச் சேர்வது. மற்றொன்று அதிகாரியாகச் சேர்வது. முதல் வாயிலில் எழுத்துத் தேர்வும் உடல்தகுதித் தேர்வும் மருத்துவப் பரிசோதனையும் உள்ளன. நேர்முகத் தேர்வு கிடையாது. இரண்டாம் வாயிலில் நேர்முகமும் அதைச் சூழ்ந்த உளவியல் சோதனைகளுமே மையம். அண்மை ஆண்டுகளில் முதல் வாயிலின் மொழித்தடை பெருமளவு விலகிவிட்டது. இரண்டாம் வாயிலில் அது அசையாமல் நிற்கிறது. ஆளுமையை அளப்பதாகக் கருதப்படும் ஒரு சோதனை, இந்தத் தடையினால் ஆங்கிலச் சரளத்தை அளக்கும் கருவியாகிவிடுகிறது என்பதே இப்பதிவின் வாதம்.

இவ்வாதத்தைச் சோதித்துப் பார்க்கத் திருச்சானூர் பொருத்தமான ஊர். பத்மாவதித் தாயார் கோயிலால் அறியப்படும் இவ்வூர் 2022 ஏப்ரல் முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் அடங்குகிறது. அதற்கு முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் மாவட்டமோ 1911இல் வடஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்தெடுத்த பகுதிகளால் உருவானது. 1960 ஏப்ரலில் எல்லை மாற்றத்தின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. திருப்பதி வட்டாரத்துப் பழைய கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ். இன்றைய ஆட்சிமொழி தெலுங்கு. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசி வளரும் பிள்ளைகள் இம்மாவட்டங்களில் இன்றும் உள்ளனர். அப்படிப்பட்ட ஒருவர் படைக்குத் தயாராகிறார் எனக் கொள்வோம்.

முதல் வாயிலுக்கான பயிற்சி அவருக்குத் தெளிவானது. 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண். 400 மீட்டர் ஓடுதளத்தில் நான்கு சுற்றுகள். ஒரு சுற்றுக்கு 82.5 நொடிக்கு மேல் ஆகக்கூடாது. பத்துப் புல்-அப் எடுத்தால் 40 மதிப்பெண். ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். வளைந்து செல்லும் குறுகிய கட்டையின் மேல் விழாமல் நடக்க வேண்டும். இவற்றுக்கு மதிப்பெண் இல்லை, தேறினால் போதும். முதல் சுற்றில் வேகத்தைக் கொட்டிவிட்டு மூன்றாம் சுற்றில் மூச்சிரைத்து நிற்பவர் யார், நான்கு சுற்றையும் சீராகப் பங்கிட்டு ஓடுபவர் யார் என்பதை ஒரு மாதப் பயிற்சியிலேயே கண்டுகொள்ளலாம். ஆற்றங்கரை மணலிலோ பள்ளித் திடலிலோ இதற்குப் பயிற்சி பெற முடியும். ஓடுபவரின் வீட்டுமொழி எது என்று நிறுத்துகடிகாரம் கேட்பதில்லை. சத்துணவுக்கும் காலணிக்கும் பணம் வேண்டும் என்பது உண்மைதான். அந்த ஏற்றத்தாழ்வைச் சிறிதென்று ஒதுக்க இயலாது. ஆயினும் அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் இங்கே ஒன்றாகவே உள்ளன. ஓட்டத்தை ஓட்டத்தால் அளக்கிறார்கள்.

எழுத்துத் தேர்வில் நிலைமை நெடுங்காலம் வேறாக இருந்தது. 2023 ஏப்ரலில் மத்திய ரிசர்வ் காவல் படையின் 9,212 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது, கணினித் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கும் என்றும் 100 மதிப்பெண்ணில் 25 மதிப்பெண் இந்தி அறிவுக்கு உரியது என்றும் இருந்ததைச் சுட்டித் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அதே மாதத்தில், மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வை இந்தி, ஆங்கிலம் தவிர 13 மாநில மொழிகளிலும் நடத்த உள்துறை அமைச்சகம் ஒப்புதல் அளித்தது. 2024 தொடக்கத்தில் அத்தேர்வு தமிழிலும் தெலுங்கிலும் நடந்தது. 2025இல் தரைப்படையின் அக்னிவீரர் பொது நுழைவுத் தேர்வும் 13 மொழிகளுக்கு விரிந்தது. நிர்வாக நெறிமுறை, ஒருமைப்பாடு, மொழிபெயர்ப்புச் சிக்கல் என்று முன்னர் அடுக்கப்பட்ட காரணங்கள் எவையும் தேர்வைக் குலைத்துவிடவில்லை.

இனி இரண்டாம் வாயில். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேசியப் பாதுகாப்பு அகாதமித் தேர்விலோ ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்விலோ வென்றவர், எஸ்.எஸ்.பி. எனப்படும் பணித்தேர்வு வாரியத்தின் முன் ஐந்து நாள் நிற்க வேண்டும். தென்னிந்தியத் தேர்வர்கள் பலர் இதற்காகப் பெங்களூருக்குச் செல்வர். முதல் நாள் வடிகட்டும் சுற்று. இரண்டாம் நாள் உளவியல் சோதனைகள்: பன்னிரண்டு படங்களுக்குக் கதை எழுத வேண்டும், அவற்றுள் ஒன்று வெற்றுத் திரை. அடுத்து அறுபது சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நொடியில், மனத்தில் முதலில் எழும் எண்ணத்தை வாக்கியமாக்க வேண்டும். பிறகு அறுபது இக்கட்டான சூழல்கள், முப்பது நிமிடம். அதன்பின் குழுப் பணிகளும் தனி நேர்முகமும் வரும். ஐந்தாம் நாள் வாரியம் கூடி முடிவு சொல்லும். பதினைந்து அதிகாரிப் பண்புகள் இவற்றால் மதிப்பிடப்படுகின்றன.

நடைமுறையில் இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. இடையில் இந்தி கலந்து பேசினால் பொறுத்துக்கொள்வார்கள் என்பது தேர்வர்களிடையே வழங்கும் பேச்சு. தமிழுக்கோ தெலுங்குக்கோ அந்தச் சலுகை பற்றிக்கூடப் பேச்சில்லை.

இச்சோதனைகளின் மரபை எண்ணிப் பார்த்தால் முரண் தெளிவாகும். சொல்தொடர்புச் சோதனையைக் கார்ல் யுங் உளவியலில் வளர்த்தெடுத்ததன் அடிப்படை, சிந்தித்து மறைப்பதற்குள் வெளிப்படும் சொல்லே மனத்தைக் காட்டும் என்பதாகும். படத்துக்குக் கதை சொல்லவைக்கும் முறையை ஹென்றி மரேயும் கிறிஸ்தியானா மார்கனும் 1930களில் ஹார்வர்டில் உருவாக்கினர். சொல்பவர் தம் உள்ளத்தைக் கதைமாந்தர்மேல் ஏற்றிக் காட்டுவார் என்பது அதன் எதிர்பார்ப்பு. இரண்டுமே தடையற்ற வெளிப்பாட்டை நம்பி நிற்பவை. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படை அமைத்த தேர்வு வாரியங்களின் வழியே இம்முறை இந்தியாவுக்கு வந்தது. மேட்டுக்குடிப் பள்ளிகளில் படித்தவர்களையே அதிகாரிகளாக எடுத்துக்கொண்டிருந்த பழைய வழக்கத்துக்கு மாற்றாக, பிறப்பும் பள்ளியும் பாராமல் திறனைக் காண வேண்டும் என்ற நோக்கமும் அவ்வாரியங்களுக்கு இருந்தது.

பதினைந்து நொடிக்குள், தாம் பாடமாக மட்டும் கற்ற ஒரு மொழியில் வாக்கியம் அமைப்பவரிடம் தடையற்ற வெளிப்பாட்டை எதிர்பார்க்க முடியுமா? இரண்டாம் மொழியில் சொல்லை நினைவிலிருந்து எடுப்பதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்பது உளமொழியியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. போவாஸ் கெய்சாரும் உடனாய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, அயல்மொழியில் சிந்திக்கும்போது இழப்பு, ஆதாயம் பற்றிய முடிவுகளே மாறுகின்றன எனக் காட்டியது. அறச்சிக்கல்களுக்கான விடையும் மொழியைப் பொறுத்து மாறக்கூடும் என 2014இல் மற்றோர் ஆய்வு கூறியது. அப்படியானால், இக்கட்டான சூழல்களுக்கு ஆங்கிலத்தில் விடையெழுதும் திருச்சானூர் இளைஞரின் முடிவும், ஆங்கிலத்திலேயே வளர்ந்த பெருநகர இளைஞரின் முடிவும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவையா?

இந்த இடைவெளியை நிரப்பவே பயிற்சி நிலையங்கள் தழைக்கின்றன. எந்தச் சொல் வந்தாலும் பொருத்தக்கூடிய வாக்கியங்கள், எந்தப் படத்துக்கும் பொருந்தும் கதைச் சட்டகம், நேர்முகத்தில் தன்னை அறிமுகப்படுத்தும் மூன்று நிமிட உரை ஆகியவை மனப்பாடமாகத் தரப்படுகின்றன. மொழியில் தடுமாறுபவருக்கு மனப்பாடமே பாதுகாப்பு. மனத்தைக் காண விரும்பும் உளவியலாளருக்கோ மனப்பாடமே பெருந்தடை. ஓட்டப் பயிற்சி ஓடுபவரின் திறனைக் கூட்டுகிறது. இந்த நேர்முகப் பயிற்சி தேர்வரை மறைக்கிறது. தேர்வர் தோற்றால் அவருக்கு இழப்பு. மனப்பாடத்தால் வென்றால் படைக்கு இழப்பு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பல மொழியினர் கூடிய படையில் அதிகாரிகளுக்குப் பொதுமொழி வேண்டும். ஆணையும் அறிக்கையும் வரைபடக் குறிப்பும் ஆங்கிலத்தில் உள்ளன. ஆங்கிலம் அறியாதவர் களத்தில் உயிரிழப்புக்குக் காரணமாகலாம். இம்மறுப்பை மதிக்க வேண்டும். ஆனால் ஆங்கில அறிவு எழுத்துத் தேர்விலேயே சோதிக்கப்படுகிறது. தேசியப் பாதுகாப்பு அகாதமித் தேர்வின் பொதுத்திறன் தாளில் 200 மதிப்பெண்ணும், ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வில் 100 மதிப்பெண் தாளொன்றும் ஆங்கிலத்துக்கே உரியவை. பேச்சாங்கிலமும் தேவையெனில் அதற்குத் தனிச் சோதனை வைக்கலாம். தேர்ந்தெடுத்தபின் அகாதமியில் பயிற்றலாம். துணிவையும் பொறுப்புணர்வையும் அளக்கும் சோதனைக்குள் அதை மறைத்துவைத்து இரண்டாம் முறை வடிகட்டுவது முறையாகாது. படையின் மரபும் இதற்கு எதிரானதன்று. பிரித்தானியர் காலத்தில் அதிகாரிகள் உருதுத் தேர்வில் தேற வேண்டியிருந்தது. வீரரின் மொழியை அதிகாரி கற்க வேண்டும் என்ற எண்ணம் இன்றும் படையணிகளில் உண்டு. வெலிங்டனைத் தாயகமாகக் கொண்ட மதராஸ் படையணியின் போர்முழக்கமே தென்மொழிச் சொற்களால் ஆனது.

முன்னுதாரணமும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வை எட்டாம் அட்டவணை மொழிகளில் எழுதலாம். அவ்வாறு எழுதியவர் நேர்முகத்தையும் அம்மொழியில் எதிர்கொள்ளலாம். தமிழில் விடையளித்து மாவட்ட ஆட்சியர் ஆகலாம் எனில், தமிழில் விடையளித்து லெப்டினன்ட் ஆக ஏன் இயலாது? இரு தேர்வுகளையும் நடத்துவது ஒரே தேர்வாணையம்.

இவ்வாறு வழி திறக்கும்போது சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் ஒரு நுட்பத்தை நினைவூட்டும். விண்ணப்பப் படிவம் தேர்வரிடம் ஒரே மொழியைக் கேட்கும். இருமொழிச் சூழலில் வளர்ந்தவருக்குப் பேச்சுமொழி ஒன்று, எழுத்துமொழி வேறு. அவர் தெலுங்கில் எழுதுவார். சினமும் அச்சமும் பரிவும் தமிழில் பேசுவார். எனவே எழுத்துச் சோதனைக்கு ஒரு மொழியும் நேர்முகத்துக்கு வேறொரு மொழியும் தெரிவுசெய்யும் உரிமை வேண்டும். எல்லைப்புற மாவட்டங்களுக்கும் புலம்பெயர்ந்து வாழ்வோருக்கும் இது அடிப்படைத் தேவை.

இவ்விடத்தில் பல்கலைக்கழகங்களுக்குக் கடமை உண்டு. திருப்பதியில் 1954 முதல் திருவேங்கடவன் பல்கலைக்கழகம் உள்ளது. குப்பத்தில் திராவிட மொழிகளுக்கென்றே 1997இல் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகம் உள்ளது. ஒரே சொற்பட்டியலை ஒரே மாணவரிடம் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் கொடுத்து, விடைகள் எவ்வாறு மாறுகின்றன எனப் பதிவுசெய்வது ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குள் அடங்கும் பணி. அத்தகைய தரவு குவிந்தால் பாதுகாப்பு அமைச்சகத்திடம் வைக்கும் கோரிக்கை உணர்ச்சி முழக்கமாக இராது. அளவீட்டின் நம்பகத்தன்மை பற்றிய வினாவாக இருக்கும். தேர்வு வாரியத்தின் உளவியலாளர்களுக்கு அந்த மொழி நன்றாகவே புரியும்.