கம்ப்யூட்டர் நின்றால் கணக்கும் நிற்கலாமா?

சிட்டையையும் பேரேட்டையும் ஓரங்கட்டிவிட்டு, கணக்கு முழுவதையும் ஒரு லேப்டாப்பில் ஏற்றிவிட்ட வியாபாரிகள் நம்மில் பலர். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வேறு வழியும் இல்லை. ஆனால் காலையில் கடை திறந்து ஆன் செய்ததும் நீலத் திரை வந்து நின்று, அணைத்துப் போட்டாலும் அதே திரை வந்தால் என்ன செய்வது? (2025 முதல் விண்டோஸ் 11-ல் இது கறுப்புத் திரையாக வருகிறது.) இதை நாம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தச் சங்கடம் வந்தது. 2024 ஜூலை 19, ஆடி முதல் வெள்ளியன்று, க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்குப் பிழையான ஒரு கோப்பை அனுப்பிவிட்டது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும் பயனில்லை. மைக்ரோசாப்ட் கணக்குப்படி உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

காரணம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒரு பகுதி இருக்கிறது. கிட்டங்கிச் சாவி வைத்திருக்கும் முதலாளி மாதிரி. மெமரி, டிஸ்க், பிரிண்டர் எல்லாம் அதன் சொல்படிதான் நடக்கும். அதனோடு சேர்ந்து ஓடும் டிரைவர் போன்ற மென்பொருள் ஏதாவது தப்புச் செய்தால், உள்ளே இருப்பது கெட்டுவிடக் கூடாது என்று கெர்னல் வேலையையே நிறுத்திவிடும். கிட்டங்கிக்குப் பூட்டு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். சரக்கு பெரும்பாலும் உள்ளே பத்திரமாக இருக்கும்.

அன்றைக்கும் சேஃப் மோடில் ஏற்றி அந்த ஒரு கோப்பை அழித்ததும் கம்ப்யூட்டர்கள் எழுந்தன. டிஸ்க் முழுவதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. நம் பக்கத்திலோ எடுத்த எடுப்பிலேயே "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள். மெஷின் சரியாகிவிடும், பாக்கிக் கணக்கு என்னாகும்? தீபாவளி நெருக்கத்தில் சிவகாசிப் பக்கத்துக் கடைகளுக்குக் கடனில் போன துவரம்பருப்புக்கும் வத்தலுக்கும் எண்ணெய்க்கும் எதைக் காட்டிப் பணம் கேட்பது?

ஆகவே முதலில் திரையில் தெரியும் எழுத்துகளை செல்போனில் படம் எடுங்கள். பிரிண்டர், பென் டிரைவ், ஸ்கேனர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். இரண்டு மூன்று முறை எழாவிட்டால் பெரும்பாலும் விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். சேஃப் மோடும், கடைசி அப்டேட்டை நீக்கும் வசதியும் அங்கே உண்டு. கடைசியாகப் புதிதாகச் சேர்த்தது எது என்று யோசியுங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதற்கும் மசியாவிட்டால் மெமரியையும் டிஸ்க்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். கணக்கை நகல் எடுத்துக் கையில் கொடுத்த பிறகே ஃபார்மட் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். பிட்லாக்கர் பூட்டு உள்ள லேப்டாப் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அதை இன்றே எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. கம்ப்யூட்டர் கணக்குக்கு நகல் வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி 57. ஆண்டுக் கணக்குத் தாக்கல் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காப்பாற்ற வேண்டும் என்பது பிரிவு 36. தினமும் கடை அடைக்குமுன் பென் டிரைவில் ஒரு நகல் எடுக்கப் பத்து நிமிடம் போதும். பாக்கிப் பட்டியலை வாரம் ஒருமுறை தாளில் அச்செடுத்து வைப்பதும் நல்லது.

ஈ-இன்வாய்ஸ் கட்டாயமில்லாத வியாபாரிகள் தனி வரிசை எண் போட்ட பில் புத்தகம் ஒன்றைக் கல்லாவில் வைத்திருந்தால், மெஷின் படுத்த நாளிலும் வியாபாரம் நிற்காது.

நமது சங்கம் தீபாவளிச் சீசனுக்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்று பயிற்சி வகுப்பு நடத்த நிர்வாகிகள் ஆவன செய்ய வேண்டும். உறுப்பினர்கள் தங்கள் கடையில் பில் போடும் பிள்ளைகளையும் அழைத்து வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.