இருமினால் கசிகிறதா? சும்மா இருக்காதீர்கள்!

"பிள்ளை பெத்தா அப்படித்தான் இருக்கும்!" இந்த ஒரே வரியைச் சொல்லி எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறோம்!

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. தாம்பத்யத்தில் வலி, இல்லையென்றால் உணர்ச்சியே இல்லை. மனைவி விலகிப் படுக்கிறாள். புருஷன் முறைத்துக்கொள்கிறான். காரணம் மட்டும் யார் வாயிலும் வருவதில்லை.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தொட்டில் மாதிரி தாங்குபவை இடுப்படித் தசைகள். பிரசவத்தில் அவை நைந்துபோகலாம். அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கெகல் 1948-லேயே இதற்குப் பயிற்சி சொல்லிவிட்டார். பிரான்சில் பிரசவமான பெண்ணுக்கு அந்தப் பயிற்சி அரசுக் காப்பீட்டுச் செலவில் கிடைக்கிறது. இங்கே? பத்தியச் சாப்பாடு உண்டு, வயிற்றில் துணி கட்டுவது உண்டு. இந்தத் தசையைப் பற்றி மட்டும் மூச்!

சிறுநீரை அடக்குவதுபோல இறுக்கி, 5 விநாடி வைத்து, விடுங்கள். 10 தடவை, தினம் 3 வேளை. பலன் தெரிய சில மாதம் ஆகும். வலி இருந்தால் மட்டும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். தசை ஏற்கெனவே இறுகியிருக்கலாம். அதற்குத் தேவை தளர்த்தும் பயிற்சி. டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள்.

கணவன்மார்களே, முறைப்பதை விட்டுவிட்டுக் கூடவே போங்கள். முழங்கால் வலிக்கு இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் எதுக்கு சார்?